தேரா, தோல்பாவையா, தோட்டமா: எல்லையோரத்து ஊர் எதைக் காட்டுவது?

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று எல்லை வரை நீள்கிற எங்கள் பக்கத்தைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரர் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று செக்போஸ்ட், இன்னொன்று கள்ளு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே லைசென்ஸ் ஷாப்பில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஷாப் வாசலைத் தாண்டி ஓர் அடி வைப்பதில்லை. வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமும் பேசுகிற, தமிழ்வழிப் பள்ளிக்கூடங்கள் இன்னும் நடக்கிற, கொச்சி ராஜ்யத்தின் மூலையில் கிடந்து பிறகு கேரளத்தோடு சேர்ந்த இந்தச் சீமைக்குச் சொல்ல நிறைய உண்டு. கேட்க வருகிறவர்கள்தான் இல்லை.

எங்கள் வாசகசாலைக் கமிட்டியில் இப்போது இதுதான் பேச்சு. வெளியாள் வந்து ஊரையும் அதன் வரலாற்றையும் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். என்ன செய்வது என்பதில் தகராறு. மூத்தவர்களுக்குக் கல்பாத்தி மாதிரி ஒரு விழா வேண்டும். நாடகத்தில் பழக்கமுள்ள இரண்டு மூன்று பேர் கூனத்தறையைக் காட்டுகிறார்கள். பஞ்சாயத்து வட்டாரத்தில் காந்தலூர் பெயர் அடிபடுகிறது. இளவட்டங்களோ நம் பாலக்காட்டுக் கொல்லங்கோட்டைச் சொல்லி, நாலு ரீல்ஸ் போதும் என்கிறார்கள். நான்கையும் வைத்துப் பார்த்து என் ஓட்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: கதையை யார் சொல்கிறார்கள், காசு யார் கையில் நிற்கிறது?

கல்பாத்தியிலிருந்து தொடங்குவோம். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று கேட்டு வளராத தமிழர் பாலக்காட்டில் குறைவு. 1425-இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் விஸ்வநாதர் கோயில், ஆற்றங்கரை, சுற்றிலும் பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் என்று அக்ரகாரங்கள். ஐப்பசி முடிகிற சமயத்தில் மூன்று நாள் தேர். முன்னால் ஆட்கள் வடம் பிடிக்க, பின்னால் யானை நெற்றியை முட்டுக் கொடுத்துத் தேரைத் தள்ளும். மூன்றாம் நாள் சாயங்காலம் தேர்முட்டியில் தேர்கள் சந்திக்கும்போது திண்ணை, மாடி, மதில் எங்கும் தலைகள்தான். மும்பையிலும் சென்னையிலும் குடியேறிவிட்ட குடும்பங்கள் அதற்கென்றே லீவு போட்டு வருகின்றன. தேருக்கு முந்தைய நாட்களில் சுற்றுலாத் துறை நடத்துகிற சங்கீத உற்சவமும் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் வாழ்ந்த மண்ணில் அதற்குக் குறை இருக்குமா?

இதில் எனக்குப் பிடித்த விஷயம், விழா வெளியாளுக்காக நடப்பதில்லை. டூரிஸ்ட் ஒருவர்கூட வராவிட்டாலும் தேர் ஓடும். கதை ஊர்க்காரர் கையில் இருக்கிறது. ஆனால் காசு? பொரி கடலை, வளையல், பொம்மைக் கடை போடுகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர் வியாபாரிகள். தேர் நிலைக்கு வந்தபின் வருஷம் பூராவும் தெரு பழையபடி அமைதியாகிவிடும். அதோடு, பாரம்பரிய கிராமம் என்று அறிவித்ததன் மறுபக்கமும் இருக்கிறது. முகப்பை மாற்றக் கூடாது, இடித்துக் கட்ட அனுமதி லேசில் வராது. பார்க்க வருகிறவருக்கு ஓட்டுக்கூரையும் திண்ணையும் அழகு. உள்ளே இருக்கிற வயதான தம்பதிக்கு அது ஒழுகுகிற கூரை. இந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் போயிருந்தால் அந்தத் தெரு எப்போதோ அபார்ட்மெண்ட் ஆகியிருக்கும். ஆனால் எல்லோருக்கும் சொந்தமான அழகுக்குச் செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

எங்கள் ஊரில் தேரும் இல்லை, அக்ரகாரமும் இல்லை. மாரியம்மன் பொங்கல் இருக்கிறது. அதைப் பெரிதாக்கி, மேடை போட்டு, கலெக்டரைக் கூப்பிட்டு 'பாரம்பரியத் திருவிழா' ஆக்கலாம் என்கிறார்கள். எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. அடுத்த ஊரில் இல்லாதது எங்கள் பொங்கலில் எதுவும் கிடையாது. கும்பலைச் சேர்க்க ஆர்க்கெஸ்ட்ரா வைக்க வேண்டி வரும். வைத்தால் அப்புறம் அதுதான் விழா.

சரி, இங்கேயே வேறெங்கும் இல்லாத ஒரு விழா இருக்கிறதே என்று கேட்கலாம். சித்தூர் பகவதி கோயிலில் மாசியில் நடக்கிற கொங்கன் படை. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த ராஜாவைப் பகவதியே களத்தில் இறங்கி வீழ்த்தினாள் என்பது ஐதீகம். போர் ஓலையை வாசிப்பதில் தொடங்கி, படை புறப்பட்டு, சண்டை முடிவது வரைக்கும் ஊரே நடித்துக் காட்டும். கொழிஞ்சாம்பாறைக் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் பொரி வாங்கித் தின்றுகொண்டு, தங்கள் பாட்டன் பூட்டன் பக்கத்து ராஜா தோற்பதைக் கைதட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். எல்லையோர வாழ்க்கை எப்படி என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அது சித்தூர்க்காரர்களின் விழா. நாம் அதை இரவல் வாங்கி நம் போஸ்டரில் போட முடியாது. பொள்ளாச்சிக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விளக்கிச் சொல்லலாம், அவ்வளவுதான்.

கூனத்தறை வேறு ரகம். ஷொர்ணூர் பக்கத்தில் இருக்கிற இந்த ஊரில் புலவர் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தோல்பாவைக்கூத்து நடத்திவருகிறது. பாரதப்புழையை ஒட்டிய பத்ரகாளி கோயில்களில் கூத்துமாடம் என்று இதற்கென்றே தனிக் கட்டடம் உண்டு. மாடத்தின் முகம் சந்நிதியைப் பார்த்து இருக்கும். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காளியால் பார்க்க முடியவில்லை. அவளுக்காகத்தான் ஒவ்வொரு வருஷமும் ராமாயணத்தை நிழலில் நடத்திக் காட்டுகிறார்கள். பாடுவது கம்பன் பாட்டு. மலையாள நாட்டுக்கு நடுவில், மலையாளம் பேசுகிற கலைஞர்கள், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லி, இரண்டு மொழியும் கலந்த உரையில் விளக்கிக்கொண்டே போவார்கள்.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் துணிக்குப் பின்னால் நீளமாக ஒரு பலகை. அதன் மேல் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட 21 விளக்குகள் வரிசையாக எரியும். மான் தோலில் வெட்டி, சின்னச் சின்னத் துளைகள் போட்டு எடுத்த பாவையை அந்தச் சுடருக்கும் துணிக்கும் நடுவில் பிடிப்பார்கள். அந்தத் துளைகள் வழியாக வருகிற வெளிச்சம்தான் நகையாகவும் கிரீடமாகவும் தெரியும். சுடர் ஆடும்போது ராவணன் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். எண்ணெய்ப் புகையில் நமக்குக் கண் எரியும். விடிய விடியப் பாடுகிறவர் அசையமாட்டார். நடுச்சாமத்துக்கு மேல் வெளியே எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது. தேவி பார்க்கிறாள், போதும் என்பதுதான் மரபு.

ஆள் இல்லாத கூத்து எப்படிப் பிழைத்தது? கோயிலை விடாமலே கோயிலுக்கு வெளியேயும் வந்தார்கள். இருபத்தொரு ராத்திரிக் கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கிப் பள்ளிக்கூடங்களில் போட்டார்கள், வெளிநாட்டுக்குக் கொண்டு போனார்கள், காந்தி கதையும் நடத்தினார்கள். வீட்டை ஒட்டிய கலைமையத்தில் பாவை செய்யவும் ஆட்டவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆண்கள் மட்டுமே ஏறிய மாடத்தின் கலையைப் பெண்கள் குழு ஒன்றும் இப்போது மேடையில் நடத்துகிறது. ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நான் கேட்கிற இரண்டு கேள்விக்கும் கூனத்தறையில் நேரான பதில் இருக்கிறது: கதை சொல்கிறவர்களும் அவர்கள்தான், காசு வாங்குகிறவர்களும் அவர்கள்தான். குறை என்னவென்றால் எல்லாம் ஒரு குடும்பத்தின் தோளில் நிற்கிறது. ஊருக்குப் பேர் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு டீ விற்ற காசுகூட வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதைப் பார்த்து 'நம்மூரிலும் ஒரு கலை வேண்டும்' என்று கிளம்புவதில்தான் ஆபத்து. கலை இல்லாத ஊரில் கலையைத் தயாரிக்க முடியாது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வாத்தியாரை வரவழைத்து, ஒரு மாதம் பயிற்சி கொடுத்து, ஒரே கலர் சேலை கட்டி ஆடவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதை நம் ஊர்ப் பாரம்பரியம் என்று வெளியாளிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அடுத்தது காந்தலூர். இடுக்கி ஜில்லாவில் மறையூரை அடுத்து, உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காடு வழியாக ஏறிப் போகிற ஊர். மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்ற ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. அங்கேயும் பேச்சு தமிழ்தான், மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொள்கிற கதை. கேரளத்தில் ஆப்பிள் காய்க்கிற இடம். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அப்புறம் காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்கும் கிடைத்தது. 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமப் போட்டியில் காந்தலூருக்குத் தங்கம். கேரளத்தின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் 2008-இல் குமரகம் போன்ற இடங்களில் தொடங்கி, 2017-இல் தனி மிஷனாகியது. அதோடு பஞ்சாயத்து கைகோத்துக்கொண்டு தோட்டம் காட்டுகிறவர், வீட்டில் சமைத்துப் போடுகிறவர், ரூம் விடுகிறவர், ஜீப் ஓட்டுகிறவர் என்று பலரையும் உள்ளே இழுத்தது. காசு பரவலாகப் போகிறது என்ற கணக்கில் நான்கில் இதுதான் முதல்.

கதை விஷயத்தில் எனக்குத் திருப்தி குறைவு. வருகிறவர் ஸ்ட்ராபெரி பறிக்கிறார், ஜீப்பில் சுற்றுகிறார், ஃபோட்டோ எடுக்கிறார். மறையூர்ப் பாறைகளில் பெருங்கற்காலத்து முனியறைகள் இருக்கின்றன: நான்கு பக்கமும் கல் பலகை, மேலே மூடுகல். பல உடைந்து சரிந்து கிடக்கின்றன. அதன் மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறவர்களை இறங்கச் சொல்லப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. பழம் விற்பதற்கு ஆள் இருக்கிற இடத்தில் வரலாறு சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டும். சின்னாறு சரணாலயத்தில் பழங்குடி மக்களே வழிகாட்டிகளாக வருகிற நடைகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கால் தடத்தைக் காட்டி நிறுத்துவதும் அவர்தான், சத்தம் போடாதே என்று அதட்டுவதும் அவர்தான்.

அதுபோக, காந்தலூர் முறைக்குக் குளிர் வேண்டும், மலை வேண்டும். எங்கள் மழைமறைவுக் கரிசல் காட்டில் பங்குனி வெயிலில் யாரை நடக்க வைப்பது?

கொல்லங்கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூலையில் இந்தியாவின் அழகான பத்து கிராமங்கள் என்று ஒரு பட்டியல் வலைத்தளங்களில் சுற்றியது. அதில் பெயர் வந்ததும் கூட்டம் குவிந்தது. நெல்லியாம்பதி மலைச்சுவர், அதன் அடியில் பச்சை வயல், ஓலைக்கூரை டீக்கடை. எல்லாம் நிஜமாகவே அழகுதான். ஆனால் வரப்பில் நிறுத்தின பைக்கும், வயலுக்குள் இறங்கி மிதித்த நாற்றும், தண்ணீர் பாட்டிலும் விவசாயிக்கு மிச்சம். அவருக்கு அந்தப் படத்தால் ஒரு பைசா வரவில்லை. ரீல்ஸ் வேண்டாம் என்று இளவட்டங்களிடம் சொல்ல மாட்டேன். வருகிறவரை வரவேற்க ஊர் தயாராவதற்கு முன்னால் போட வேண்டாம் என்பேன்.

கமிட்டியில் யாரும் எடுக்காத பெயர் ஒன்று இருக்கிறது, ராமசேரி. எலப்புள்ளிப் பஞ்சாயத்தில், நமக்குக் கூப்பிடு தூரம். தமிழ்நாட்டிலிருந்து எப்போதோ குடியேறிய முதலியார் குடும்பங்கள் அங்கே ஒரு தட்டை இட்லி செய்கின்றன. தண்ணீர் கொதிக்கிற பானையின் வாயில் நூல் வலை கட்டிய வளையத்தை வைத்து, அதன் மேல் துணி விரித்து மாவை ஊற்றி, மேலே இன்னொரு பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். குட்டித் தோசை மாதிரி தட்டையாக, மெத்தென்று வரும். முன்பெல்லாம் கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றது. இப்போது அதைத் தின்பதற்கென்றே காரில் வருகிறார்கள். ஆர்ச் இல்லை, விழா இல்லை, டிக்கெட் இல்லை, வருஷம் முழுவதும் நடக்கிறது. பானையைத் திறக்கிற அம்மாவே கதையையும் சொல்கிறார், காசையும் வாங்குகிறார். செய்கிற குடும்பங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டன என்பதுதான் கவலை.

இதையெல்லாம் பார்த்தபின் என் ஓட்டு சின்ன ஏற்பாட்டுக்குத்தான். கார்த்திகை முதல் மாசி வரை, ஞாயிறு காலைகளில் வாசகசாலையிலிருந்து ஒரு நடை. இருபது பேருக்கு மேல் வேண்டாம். முன்பதிவு கட்டாயம், வழி சொல்கிறவர் தமிழும் மலையாளமும் தெரிந்த ஊர்க்காரர். காட்ட வேண்டியது நாம் தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வேலைகளை.

முதல் நிறுத்தம் தென்னந்தோப்பு. கேரளத்தின் பல ஜில்லாக்களுக்குக் கள் போவது சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான். அதை இறக்குவது எப்படி என்று குடிக்க வருகிற யாரும் பார்த்ததில்லை. விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள் கணக்கில் அதைத் தட்டித் தட்டிப் பதப்படுத்துவார்கள். பலமாகத் தட்டினால் உள்ளே பூ நசுங்கிவிடும், மெல்லத் தட்டினால் சாறு இறங்காது. பிறகு நுனியை வெற்றிலைக் கனத்துக்குச் சீவிவிட்டுக் கலயத்தை மாட்டுவார்கள். காலையும் மாலையும் ஏறி மறுபடி சீவ வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது தெளுவு, அதாவது பதநீர். தடவாமல் விட்டால் கள். பாளையைத் தட்டுகிற சத்தத்தைக் கீழேயிருந்து கேட்டே வேலை சரியா தப்பா என்று சொல்கிற பெரியவர்கள் தோப்புக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று: காட்டுவதோடு நிறுத்த வேண்டும். விற்பது லைசென்ஸ்காரர் வேலை, எக்சைஸ் விவகாரத்தில் வாசகசாலை தலையைக் கொடுக்கக் கூடாது. ஏறிக் காட்டுகிறவருக்கு அன்றைய கூலிக்கு மேலாகவே கொடுக்க வேண்டும். மேலே ஏறுகிறவர் அவர், கீழே நிற்கிறவர்கள் நாம்.

அடுத்தது தண்ணீர். மூலத்தறை ரெகுலேட்டரில் நின்றால், கேரளமும் தமிழ்நாடும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கிற பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை ஒரு பாடமாகவே எடுத்துவிடலாம். 1970-இல் கையெழுத்தானது, இன்றைக்கும் ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மாநிலமும் முறைத்துக்கொள்கிறது. பொள்ளாச்சி விவசாயியும் எங்கள் விவசாயியும் ஒரே நடையில் வந்தால் அங்கேதான் பேச்சு சூடாகும். ஆகட்டும். அங்கிருந்து பெருமாட்டிப் பஞ்சாயத்துக்குப் போனால் பிளாச்சிமடை. 2000-இல் வந்த கோகோ கோலா ஆலை, கிணறு கெட்டுப்போன சனங்கள், 2002-இல் தொடங்கிய போராட்டம், முன்னால் நின்ற மயிலம்மா, 2004-இல் நின்றுபோன உற்பத்தி. இழப்பீட்டுக்காக 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா சட்டமாகவே இல்லை. இதைக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது என்று கமிட்டியில் ஓர் அக்கா சொன்னார், எனக்கும் அதேதான். பிளாச்சிமடைக் காலனிக்காரர்கள் வரச் சொன்னால் போவோம், அவர்கள் பேசட்டும், அவர்கள் பங்கு அவர்களுக்கு. வேண்டாம் என்றால் அந்த நிறுத்தம் கிடையாது.

நேரம் இருந்தால் திரும்பும்போது சித்தூர் தெக்கே கிராமம். மலையாளத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும். மதியம் யாராவது ஒருவர் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு, வீடு வாராவாரம் மாறும். ஆளுக்கு 300 ரூபாய் வைத்தால் மரம் ஏறுகிறவர், சமைக்கிற வீடு, வழிகாட்டி மூன்று பேருக்கும் கொடுத்து வாசகசாலைக்கும் கொஞ்சம் நிற்கும்.

இதில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. இருபது பேர் வைத்து ஊர் பணக்கார ஊர் ஆகாது. வழிகாட்டத் தயாராகிற பிள்ளை வேலை கிடைத்து எர்ணாகுளம் போய்விட்டால் அடுத்த ஆளைத் தேட வேண்டும். மரம் ஏறத் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டே வருகிறார்கள். விழாதான் வேண்டும் என்கிற மாமாக்கள் சொல்கிற நியாயமும் ஒன்று உண்டு: விழா என்றால் ஊர் முழுக்கச் சேரும், நடை என்றால் நாலு வீடுதான் சேரும். அதற்குப் பதிலாகச் சமைக்கிற வீட்டை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். அது போதுமா என்பது இரண்டு சீசன் போனால் தெரியும். போதவில்லை என்றால் காந்தலூர் வழியில், பஞ்சாயத்தையும் பொறுப்புச் சுற்றுலா மிஷனையும் சேர்த்துக்கொண்டு பெரிதாக்கலாம். சின்னதிலிருந்து பெரிதாவது முடியும். ஆர்க்கெஸ்ட்ராவில் தொடங்கிய விழாவை யாரும் குறைத்துப் பார்த்ததில்லை.

செலவில் முதல் காரியம் எது என்பதற்கும் ஓட்டெடுப்பு வரப்போகிறது. ரோட்டோரத்தில் ஊர்ப் பெயர் போட்ட ஆர்ச் என்று பாதிப் பேர் கை தூக்குவார்கள் என்று நினைக்கிறேன். வாசகசாலைக்குப் பின்னால் பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை, கதவுக்குத் தாழ்ப்பாள், தொட்டியில் தண்ணீர். என் கை அதற்கு.